வரத்தும் கலங்கலும்



சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரும் மின்சார ரயில் பல்லாவரத்தைத் தாண்டியதும் குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம் என்று அடுத்தடுத்து இரண்டு நிலையங்களில் நிற்கும். அன்றாடம் போய்வருகிறவர்களின் வாயில் ஆயிரம் முறை புரண்ட பெயர்கள். இரண்டுமே யாரோ சிலர் போட்ட பணத்தின் தடங்கள். குரோமியம் கொண்டு தோல் பதனிடும் ஆலை எழுந்த இடம் குரோம்பேட்டை ஆயிற்று. 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து 12 படுக்கைகளோடு தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் பக்கத்து இடம் சானடோரியம் ஆயிற்று. அந்த நோயைக் குணமாக்கும் மருந்து அப்போது உலகில் எங்குமே இல்லை. நல்ல காற்றும் ஓய்வும் ஊட்டமான சாப்பாடும்தான் சிகிச்சை. இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் அவர் நடத்திய சானடோரியத்தில் கணிதமேதை ராமானுஜனும் தங்கிச் சிகிச்சை பெற்றிருக்கிறார். அப்படிப்பட்ட மருத்துவர் ஊர் திரும்பித் தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையை எழுப்பினார். 1937-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்றைக்கு அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

ஆலை லாபத்துக்காகப் போட்ட முதல், மருத்துவமனை நோயாளிக்காகப் போட்ட முதல். அதற்காக ஆலையைத் தாழ்த்திப் பேச வேண்டியதில்லை. அங்கே வாங்கிய கூலியில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது. பணம் ஊருக்குள் எப்படியெல்லாம் நுழைகிறது, நுழைந்த பிறகு எங்கெல்லாம் போகிறது என்பதைப் பற்றியே இந்த உரை.

செலவு என்ற சொல்லுக்குச் சங்கத் தமிழில் பயணம் என்று பொருள். 'செல்' என்ற வினையில் பிறந்த சொல் அது. பொருள் தேடக் கிளம்பிய தலைவன் மனம் இளகிப் புறப்பாட்டைத் தள்ளிப்போடுவதற்குச் 'செலவழுங்கல்' என்று பெயர். பிற்காலத்தில்தான் அந்தச் சொல் ஆளை விட்டுவிட்டுப் பணத்தைப் பிடித்துக்கொண்டது. சொல் மாறினாலும் உள்ளே இருக்கும் பொருள் மாறவில்லை. செலவு என்றால் போவது. ஆகவே 'எவ்வளவு செலவாச்சு?' என்று கேட்டு நிறுத்திவிடாமல், 'எங்கே போச்சு?' என்றும் கேட்பதுதான் தமிழுக்குப் பொருத்தம்.

தலைவன் இப்படிப் பொருள் தேடப் பிரிவதைப் பாடும் பாலைத்திணைப் பாடல்களில் ஒரு வாக்குவாதம் திரும்பத் திரும்ப வரும். பணமில்லாமல் இல்வாழ்க்கை இல்லை, வந்தவர்க்குக் கொடுக்க முடியாது என்பான் தலைவன். நீ கொண்டுவரும் பொருளால் இவளுடைய இளமையைத் திரும்ப வாங்க முடியுமா என்பாள் தோழி. இரண்டாயிரம் ஆண்டாக இருவரில் யாரும் தோற்கவில்லை, ஏனென்றால் இருவர் சொல்வதும் உண்மை. அதே தலைவன் இன்று விடியற்காலை தாம்பரம் நிலையத்தில் நிற்கிறான். ஒருவன் ஓ.எம்.ஆரில் கணினி முன்னால் உட்காரப் போகிறான், ஒருவன் ஒரகடத்தில் கார் பாகம் பூட்டப் போகிறான், இன்னொருவன் திரிசூலத்தில் இறங்கிப் பெட்டியோடு சாலையைக் கடந்து விமானத்தில் வளைகுடாவுக்குப் போகிறான். குழந்தை நடை பழகியதைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்கிறான். அவனைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அவன் அனுப்பும் பணம் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை அந்தத் தோழிக்கு இன்றைக்கும் உண்டு.

வள்ளுவர் தம் 133 அதிகாரங்களில் அறத்துக்கு 38, பொருளுக்கு 70, இன்பத்துக்கு 25 கொடுத்தார். பொருட்பாலில் அரசும் அமைச்சும் நட்பும் அடக்கம் என்பது உண்மை. இருந்தாலும் அது நடுவில் நிற்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் அறம், மறுபக்கம் இன்பம், இரண்டு பக்கமும் கதவு வைத்த வீடு பொருள். 'பொருள் செயல்வகை' அதிகாரத்தில் இதை அவரே சொல்கிறார். வழி தெரிந்து, பிறருக்குத் தீங்கு கலக்காமல் சேர்த்த பணம் அறத்தையும் ஈன்று தரும், இன்பத்தையும் ஈன்று தரும் என்பது அவர் கருத்து. 'நன்றியில் செல்வம்' அதிகாரத்திலோ, கொடுப்பதும் இல்லை, தான் அனுபவிப்பதும் இல்லை என்றால் கோடிகளை அடுக்கி வைத்தவனும் ஒன்றும் இல்லாதவன்தான் என்கிறார். ஈதலும் துய்த்தலும் அங்கே ஒரே வரியில் தோளோடு தோள் நிற்கின்றன.

நம் மேடைகளில் பெரும்பாலும் முதல் பாதி மட்டும்தான் கேட்கிறது. கொடுப்பது உயர்வு, அனுபவிப்பது ஏதோ பொறுத்துக்கொள்ள வேண்டிய பலவீனம் என்கிற மாதிரி பேசிப் பழகிவிட்டோம். புறநானூற்றின் 189-ஆம் பாட்டில் நக்கீரர், நாடாளும் மன்னனும் காட்டில் வேட்டையாடும் எளியவனும் உண்ணும் அளவும் ஒன்று, உடுக்கும் துணியும் இரண்டே என்று கணக்குப் போட்டு, செல்வத்தின் பயன் ஈவதே என்று முடிக்கிறார். இதை வள்ளுவருக்கு எதிராக நிறுத்த வேண்டாம். தானே அனுபவித்துக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் தன் பக்கமே இழுத்துக்கொள்வதைத்தான் நக்கீரர் கண்டிக்கிறார். உண்ணும் நாழியைப் பிடுங்கச் சொல்லவில்லை.

ஆலையையும் மருத்துவமனையையும் தவிர, குரோம்பேட்டைப் பக்கம் மூன்றாவதாக ஒரு பணமும் விழுந்தது. அதைப் போட்டவர் பெயரில் ரயில் நிலையம் கிடையாது.

1949-ல் இங்கே மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி தொடங்கியது. நம் ஊர்ப் பேச்சில் எம்.ஐ.டி. தொடங்கியவர் சி. ராஜம், தொழிலதிபர். 1882-ல் பிறந்தவர், ஆக அப்போது அவருக்கு வயது 67-ஐ ஒட்டி இருக்கும். 'இந்தியா ஹவுஸ்' என்று பெயர் வைத்த மாளிகை ஒன்று அவருக்கு இருந்தது. அதை விற்றுத்தான் கல்லூரிக்குப் பணம் திரட்டினார். அந்த வயதில் மனிதர்கள் வீட்டை வாங்குவார்கள், அல்லது பிள்ளைகளுக்கு எழுதிவைப்பார்கள். அவர் விற்றார். விற்ற பணத்தை எதில் போட்டார் என்பது இன்னும் பெரிய செய்தி. பொறியியல் என்றால் சாலை, பாலம், இயந்திரம், மின்சாரம் என்றிருந்த காலத்தில் எம்.ஐ.டி. விமானப் பொறியியல், மோட்டார் வாகனம், மின்னணுவியல், கருவியியல் ஆகிய நான்கை எடுத்துக்கொண்டது. நாடு விடுதலை பெற்று இரண்டே ஆண்டு. சொந்தமாக விமானம் செய்வோம் என்பது அன்று பலருக்கு வெறும் கனவு. அந்தக் கனவுக்கு ஒருவர் தன் கூரையைக் கொடுத்தார்.

ராஜம் அந்த மாளிகையில் வாழ்ந்தவர். நல்ல வீட்டின் சுகத்தை வேண்டாம் என்று ஒதுக்கிய துறவி அல்ல. அனுபவித்தார், பிறகு கைமாற்றினார். இரண்டும் ஒரே மனிதர் செய்தவை என்பதால்தான் அவர் இந்த உரைக்கு வேண்டியவர்.

கல்லூரி தொடங்கிச் சில ஆண்டுகள் கழித்து ராமேசுவரத்திலிருந்து ஒரு மாணவர் வந்தார். இடம் கிடைத்துவிட்டது. சேர்வதற்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் வேண்டும். அப்பாவிடம் அவ்வளவு பணம் இல்லை. அக்கா ஜோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். தன் சொந்தச் சம்பாத்தியத்தில் அந்த வளையல்களை மீட்பேன் என்று தம்பி உறுதி எடுத்துக்கொண்டார். 'அக்னிச் சிறகுகள்' நூலில் அப்துல் கலாமே இதைச் சொல்லியிருக்கிறார். கல்லூரி வளாகத்தில் காட்சிக்கு வைத்திருந்த பழைய விமானங்கள் இரண்டு தன் மனத்தை இழுத்ததையும் எழுதியிருக்கிறார்.

ஒரு பக்கம் மாளிகை, ஒரு பக்கம் இரண்டு கை வளையல். தொகையை வைத்துப் பார்த்தால் ஒப்பீடே கிடையாது. ஆனால் மாளிகை விற்காமல் இருந்திருந்தால் கல்லூரி இல்லை, வளையல் அடகுக் கடைக்குப் போகாமல் இருந்திருந்தால் அந்த மாணவர் அங்கே இல்லை. 1980 ஜூலையில் எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் ரோகிணியைச் சுமந்து வானில் ஏறியபோது அதன் திட்ட இயக்குநர் அவர்தான். ராஜம் 1955-லேயே மறைந்துவிட்டார். பெரிய செலவுகளின் பலன் பெரும்பாலும் செலவழித்தவர் கண்ணில் படுவதில்லை.

தங்கத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. நகைக்கடையில் எடைக்கு விலை, அதன் மேல் செய்கூலி, சேதாரம், அதற்கும் மேல் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. அடகுக்குப் போகும்போது சேதாரத்தையும் செய்கூலியையும் யாரும் திருப்பித் தரமாட்டார்கள், தட்டில் ஏறும் எடைக்குத்தான் மதிப்பு. இதைக் காட்டி, நகை வாங்குவதே வீண் என்று பெண்களுக்குப் புத்தி சொல்கிற ஆண்கள் பலர். அது சரியில்லை. எத்தனையோ வீடுகளில் பெண்ணின் பெயரில் இருக்கும் ஒரே சொத்து அவள் கழுத்திலும் கையிலும் இருப்பதுதான். வீட்டுப் பத்திரம் கணவர் பெயரில், வண்டி மகன் பெயரில். ஜோஹராவால் தானே முடிவெடுத்துத் தர முடிந்தது அந்த வளையல்களைத்தான். போட்டு மகிழும் நகை இன்பம், ஆபத்தில் கைகொடுக்கும் நகை அரண். ஆண்டுதோறும் வாடகை கட்டி வங்கி லாக்கரின் இருட்டில் அடைத்து, கல்யாணத்துக்குக்கூட வெளியே எடுக்க அஞ்சும் நகைதான் வள்ளுவர் சொன்ன நன்றியில் செல்வம்.

நடுத்தர வீடுகளில் இந்த லாக்கர் நகைக்குத் தம்பிகள் பலர் உண்டு. விருந்தாளிக்கென்று பரணில் ஏறிய பீங்கான் தட்டுகள், பத்து ஆண்டாகப் பாலிதீன் உறை கழற்றாத சோபா, 'அப்புறம் போகலாம்' என்று ஒத்திவைத்த திருச்செந்தூர்ப் பயணம், ஒத்திவைத்துக்கொண்டே இருந்ததில் முழங்கால் தேய்ந்துபோன அம்மா. சிக்கனம் என்ற நல்ல பெயரில் இவை ஒளிந்துகொள்கின்றன. சிக்கனம் ஒரு வேலைக்காகச் சேமிப்பது. வேலையே இல்லாமல் சேமிப்பதற்கு வள்ளுவர் வைத்த பெயர் இவறல். குற்றங்களுக்குள்ளே தனியாக எடுத்து எண்ண வேண்டிய குற்றம் என்று அதைச் சொன்னார்.

இன்பத்துக்குப் பெரும்பணம் வேண்டும் என்பதும் பொய். 1931 மே 11-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. இன்றும் சாதாரண வகுப்பில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பத்து ரூபாய். ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் அதுவும் இல்லை. சன்னலோர இடம், மாங்காய்ப் பத்தை, மெரினா மணலில் சுண்டல், அலையில் கால் நனைத்த பிள்ளை திரும்பும் ரயிலில் அப்பா மடியில் தூங்குவது. வணிக வளாகத்தில் பார்க்கிங் கட்டணத்துக்கே இதைவிட அதிகம் ஆகும். குரோம்பேட்டையிலிருந்து தெற்கே நாலு நிறுத்தம் போனால் வண்டலூர். 1855-ல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய விலங்குக் காட்சிசாலை, 1985-ல் அங்கே 602 ஹெக்டேர் காட்டுக்குள் குடிபெயர்ந்தது. ஒரு முழு நாள் நடந்தாலும் தீராது.

கொடுத்து மகிழவும் பெரும்பணம் வேண்டியதில்லை. 2008-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலிசபெத் டன்னும் அவருடைய கூட்டாளிகளும் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிலரிடம் காலையில் ஐந்து டாலரோ இருபது டாலரோ கொடுத்து, மாலைக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். பாதிப் பேர் தமக்காக, பாதிப் பேர் பிறருக்காக. பிறருக்குச் செலவழித்தவர்களே மாலையில் அதிக மகிழ்ச்சியாக இருந்தார்கள். ஐந்தா இருபதா என்பது வேறுபாட்டை உண்டாக்கவில்லை. அவ்வையார் காலத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் யாரும் இதைக் கேட்டு வியந்திருக்க மாட்டார். ஆனாலும் கணக்கெடுத்துச் சொன்னது நல்லதே.

வரவுக்கும் செலவுக்கும் நம் பகுதியிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது, ஏரி. சிட்லபாக்கம் ஏரி நிறைந்தால் மிகைநீர் கலங்கல் வழியாகச் செம்பாக்கம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து நன்மங்கலம், பிறகு இன்னும் சில ஏரிகளைத் தொட்டுப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேரும். ஒன்றின் கலங்கல் அடுத்ததற்கு வரத்துக்கால். இதை வெட்டியவர்கள் எந்த ஏரியையும் காலியாக வைத்து அடுத்ததை நிரப்பச் சொல்லவில்லை. முதலில் தான் நிறைய வேண்டும், கரை உடையும் முன்னால் வழிந்து கொடுக்க வேண்டும். கலங்கலை அடைத்தவன் வீட்டுக்குள்தான் வெள்ளம் வரும். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மொட்டை மாடியில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வள்ளுவர் இதே படத்தை இரண்டு இடத்தில் வரைந்தார். வருகிற வழி சிறிதாக இருந்தாலும் கேடில்லை, போகிற வழி அதைவிட அகலாமல் இருந்தால் போதும் என்றார். உலகத்தை நேசிக்கும் அறிவாளியின் செல்வம், ஊர் குடிக்கும் குளம் நிறைந்தது போன்றது என்றார். இந்த இரண்டாவது குறள் உள்ள அதிகாரத்தின் பெயர் ஒப்புரவறிதல். ஈகை என்று தனி அதிகாரம் இருக்க, ஒப்புரவு எதற்கு? ஈகை ஏந்திய கைக்குப் போடுவது, ஒப்புரவு யாரும் கேட்காமலேயே எல்லாருக்கும் ஆவது. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடங்கள் வரிசை கட்டியபோது, சிட்லபாக்கத்துக் குடியிருப்பாளர்கள் தங்கள் ஏரியில் மண்வெட்டியோடு இறங்கினார்கள். குப்பையை அள்ளினார்கள், அதிகாரிகளிடம் விடாமல் மனுக் கொடுத்தார்கள். பிறகு சுமார் 25 கோடி ரூபாயில் அரசின் சீரமைப்புத் திட்டம் வந்தது. ஒரு குடும்பம் லாரித் தண்ணீருக்குக் கட்டும் பணம் அன்று மாலையே சாக்கடையில் போய்விடும். ஏரிக்குக் கொடுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெருக் கிணற்றிலும் ஊறும்.

ஆனால் வரத்துக்காலில் சாக்கடை கலந்தால் ஏரி நிறைந்தும் பயனில்லை. பணமும் அப்படித்தான். அமெரிக்க எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னெகி உலகெங்கும் 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்கள் கட்டப் பணம் கொடுத்தார். அவருடைய ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் 1892-ல் கூலிக் குறைப்பை எதிர்த்த தொழிலாளர்கள் சுடப்பட்டு மாண்டார்கள். நூலகம் அந்த ரத்தத்தைக் கழுவவில்லை, அந்த ரத்தம் நூலகத்தின் நன்மையை அழிக்கவும் இல்லை. இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதுவதுதான் நேர்மையான கணக்கு.

நமக்கு நெருக்கமான உதாரணம் வேறு. தொண்ணூறுகளில் சென்னையில் 24 சதவீதம், 30 சதவீதம் வட்டி என்று விளம்பரம் செய்த நிதி நிறுவனங்கள் வரிசையாக மூழ்கின. அதனால்தான் 1997-ல் தமிழ்நாடு முதலீட்டாளர்கள் நலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும், 2022-ல் பொருளாதாரக் குற்றப்பிரிவு பதிந்த ஒரு வழக்கில் மாதத்துக்கு 25 முதல் 30 சதவீதம் தருவதாகச் சொல்லி ஏறக்குறைய ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியிருந்தார்கள். மாதம் 25 சதவீதம் என்றால் நான்கே மாதத்தில் முதல் இரட்டிப்பு. எந்த வியாபாரமும் அப்படி ஈட்டாது. முதலில் சேர்ந்தவர் வாங்கிய வட்டி, பின்னால் சேர்ந்தவர் போட்ட முதல். அந்தப் பின்னால் சேர்ந்தவர் பெரும்பாலும் முதல் ஆளின் மைத்துனர், பக்கத்து வீட்டு அக்கா, அலுவலகத் தோழர். ஏமாந்தவர்களைக் கேலி செய்வது கொடுமை. மகள் கல்யாணத்துக்கும் ஓய்வுக்காலத்துக்கும் சேர்த்ததை இழந்தவர்கள் அவர்கள். இருந்தாலும், இந்தப் பணம் யாருடைய கையிலிருந்து வருகிறது என்று முதல் மாத வட்டியை வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டும். அறம் கோயில் உண்டியலில் தொடங்குவதில்லை. அந்தக் கேள்வியில் தொடங்குகிறது.

இவ்வளவும் கேட்ட பிறகு, முழுவதையும் கொடுத்த மனிதர் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார். ஸ்ரீவைகுண்டம் குமரகுருபரர் கல்லூரியில் நூலகராக இருந்த பாலம் கல்யாணசுந்தரம், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் சம்பளம் முழுவதையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, தம் சாப்பாட்டுக்கு வேறு சிறு வேலைகள் பார்த்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவரை வணங்கலாம். ஆனால் இரண்டு பிள்ளைகளும் வீட்டுக்கடனும் வயதான பெற்றோரும் உள்ள ஒருவர் அவரை அளவுகோலாக வைத்துக்கொண்டு, 'என்னால் அப்படி முடியாது, ஆகவே எதுவுமே முடியாது' என்று கையை மடக்கிக்கொள்வது நடக்கிறது. உள்ள அளவை எண்ணாமல் கொடுத்தால் வளமே கெடும் என்று வள்ளுவரும் எச்சரித்திருக்கிறார். ஜோஹரா எல்லாவற்றையும் கொடுக்கவில்லை. கையில் இருந்ததை, வேண்டிய நேரத்தில், மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கையோடு அடகு வைத்தார். நம்மில் பலருக்கு எட்டும் உயரம் அதுதான்.

அடுத்த சம்பளம் வந்த அன்று இரவு, வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து போன மாதத்துப் பணம் எங்கே போனது என்று ஒரு தாளில் எழுதுங்கள். வாடகை, தவணை, பள்ளிக் கட்டணம், மருந்து எல்லாம் எழுதி முடித்த பிறகு கீழே இரண்டு வரி சேருங்கள். நாம் எல்லாரும் சேர்ந்து மகிழ்ந்ததற்கு எவ்வளவு, நம் உறவில்லாத ஒருவருக்கு எவ்வளவு. எந்த வரி வெறுமையாக இருக்கிறதோ, அதற்கு அடுத்த மாதம் ஏதாவது எழுதும்படி பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் குரோம்பேட்டைக்கு அழைத்துப் போங்கள். எம்.ஐ.டி. வாசலில் நிறுத்தி, ஒருவர் தம் வீட்டை விற்று இதைக் கட்டினார், ஓர் அக்கா தன் வளையலை வைத்துத் தம்பியை இங்கே சேர்த்தார் என்று சொல்லுங்கள். பிறகு ரயிலேறிக் கடற்கரைக்குப் போய்ச் சுண்டல் வாங்கிக் கொடுங்கள்.